கைப்பையிலா, பெட்டியிலா

போர்ட் பிளேர்
6 ஜூன் 2025

அக்காவுக்கு இளமதி ஆசையோட எழுதறது. நான் நல்லபடியா வந்து சேந்துட்டேன். உனக்குக் காது இரைச்சல் கொறஞ்சுதா? மாமா, மோகன்குமார், புது மருமக எல்லாரும் கல்யாணக் களைப்பு தீந்து நல்லா இருக்கணும்.

போன்ல சொல்லலாம்னா உனக்குக் கேக்காது. மெசேஜ் போட்டா உன் புள்ள மோகன் தான் மொதல்ல படிப்பான். கல்யாணம் ஆன கையோட அவனுக்கு எதுக்கு இந்தப் பேஜார்? அதான் எப்பவும் போல பேப்பர எடுத்துக்கினேன்.

அக்கா, அம்மாவோட அட்டிகை காணாம போச்சு.

இங்க எறங்கி, பொட்டி சுத்திக்கினு வர்ற பெல்ட்டாண்ட நின்னேன். என் பொட்டி கடைசியா வந்துச்சு. பூட்டு இல்ல. ஜிப்பு ஒரு பக்கம் வாய தொறந்துகினு இருந்துச்சு. வூட்டுக்கு வந்து அவர் தான் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தார். பொடவை, பலகாரம், நீ குடுத்த வடகம் எல்லாம் அப்படியே கீது. பொடவைக்கு அடியில வெச்ச செவப்பு டப்பாவ மட்டும் காணோம்.

அவர் போட்ட சத்தத்துல பக்கத்து வூட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. "தங்கத்த எவளாவது லக்கேஜ்ல போடுவாளா? கையில வெச்சுக்க வேண்டியது தானே"ன்னு ஒரே கேள்வி. அவர் கேக்கறதும் நியாயம் தான். எனக்கு அந்த நேரத்துல புத்தி வேலை செய்யல.

நீ வூட்ட கலைச்சுப் போட்டுத் தேடாத. நான் பொட்டியில தான் வெச்சேன், எனக்கு நல்லா ஞாபகம் கீது. போனது போனதாவே இருக்கட்டும்.

இன்னொண்ணு. பதிலை வூட்டுக்குப் போடாத. எங்க தெருவுக்குத் தபால் ஒழுங்கா வர்றதில்ல. நான் ப்ளவுஸ் தைக்கப் போற ஞானசுந்தரி அக்கா கடை முகவரிய கீழ எழுதிக்கிறேன், அதுக்கே போடு.

எம் பொண்ணு தமிழ்ச்செல்விய செங்கல்பட்டு ஹாஸ்டல்ல போயி ஒரு தடவ பாத்துட்டு வா. பெரியம்மா வந்தா அவளுக்கு தெம்பா இருக்கும். அவகிட்ட நகை விஷயம் சொல்லாத.

உன் தங்கச்சி
இளமதி


திருப்புலிவனம்
16 ஜூன் 2025

இளமதிக்கு அக்கா சொக்கம்மா எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சொகம். சொகம்னு எழுத கை வரல, ஆனாலும் எழுதணும்ல.

உன் கடுதாசிய படிச்சதுல இருந்து அடுப்புல இன்னா வெச்சேன், இன்னா எறக்கனேன்னே தெரியல. அம்மா போட்டுகினு இருந்ததுல மிச்சம் அது ஒண்ணு தானே. மோகன் கல்யாணத்துல நீ போட்டுகினு நின்னப்போ, அம்மாவே வந்து நின்ன மாதிரி இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. கண்ணு பட்டுதோ இன்னாவோ.

நான் தான் தலபாடா அடிச்சிகினேனே, கழுத்துல போட்டுகினு முந்தானைய இழுத்து ஊக்கு குத்திக்கோன்னு. நீ தான் மிஷின் கத்தும், எல்லார் எதிர்லயும் கழட்ட சொல்லுவாங்கன்னு சொன்ன. கத்தினா கத்திட்டுப் போவுது. கழுத்துல கெடக்கறத எவன் எடுப்பான்?

டீக்கடை கிருஷ்ணசாமி கிட்ட உங்க மாமா, யார் பேரும் சொல்லாம கேட்டுப் பாத்தார். கிருஷ்ணசாமி புள்ள துபாய்க்குப் போய் வர்றவன். ஜிப்பு வெச்ச பொட்டிக்கு பூட்டெல்லாம் சும்மாவாம். பேனாவால ஜிப்ப ஒரு குத்து குத்தினா வழி விட்டுடுமாம். எடுக்கறத எடுத்துகினு திரும்ப இழுத்து விட்டா ஒண்ணுமே தெரியாதாம். பூட்டு பூட்டினபடியே தொங்குமாம். அப்படின்னா உன் பூட்ட ஏன் கழட்டினான்? எனக்கு இது மண்டைக்கே எட்டல.

ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நம்ம காலனி பெஞ்சமின் ஏர்போர்ட்ல மூட்டை ஏத்தற வேலையில தானே கீறான். அன்னிக்கு அவன் தான் ட்ராலிய தள்ளிகினு உன்கூட உள்ள வரைக்கும் போனான். வாசல் வரைக்கும் தான் எங்களுக்குத் தெரியும். அவன் எடுப்பான்னு நான் சொல்லல. அவங்க அம்மா நம்ம கழனியில நாத்து நட்டவங்க. ஆனா உங்க மாமா, "அவன கேட்டா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடும்"னு குதிக்கிறார். கேக்கட்டுமா?

நீ எழுதன கடை முகவரி எனக்கு வெளங்கல. உங்க ஊர் பேரயே கவர்மெண்டுல மாத்திட்டாங்கன்னு போஸ்ட்மேன் வேற கொழப்பறான். அதான் பழகின வூட்டு முகவரிக்கே போடறேன். வேளைக்கு சாப்புடு. நெனச்சி நெனச்சி ஒடம்ப கெடுத்துக்காத.

அக்கா
சொக்கம்மாள்


போர்ட் பிளேர்
27 ஜூன் 2025

அன்பான அக்காவுக்கு. நான் நல்லா கீறேன். நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்னு அன்னாடம் சாமிய கும்புடறேன்.

உன் கடுதாசி வூட்டுக்கு வந்துச்சு. பிரிச்ச கவரா தான் என் கைக்கு வந்துச்சு.

போன கடுதாசியில நான் சரியா எழுதல போல கீது. பொட்டியிலன்னு எழுதிட்டேன். மொதல்ல கைப்பையில தான் வெச்சிருந்தேன் அக்கா. பெஞ்சமின் பொட்டிய எடை மிஷினாண்ட விட்டுட்டு உடனே போயிட்டான். அவன் போன பிறகு தான் கவுண்டர்ல இருந்த பொண்ணு, "கைப்பை கனமா இருக்கு, கொஞ்சம் எடுத்து அதுல வைங்க"ன்னு சொல்லிச்சு. பின்னால வரிசை நிக்குது. அவசரத்துல கைக்கு வந்த துணியோட டப்பாவும் பொட்டிக்குப் போயிடுச்சு. அதனால அவனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியறதுக்கு வழியே இல்ல.

தயவு பண்ணி அவன் பேர இனிமே எந்தக் கடுதாசியிலயும் எழுதாத. மாமாவையும் பேச விடாத. இனிமே கடை முகவரிக்கு மட்டும் போடு. ஊர் பழைய பேரே போதும், வந்து சேந்துடும்.

பூட்டு ஏன் இல்லன்னு கேட்டியே, எனக்கும் தெரியல. தெரியாத விஷயத்த நோண்டி இன்னா ஆகப் போவுது?

இங்க மழை புடிச்சிகிச்சு. கடல் கரும் பச்சையா கீது. மருமகளுக்கு எங்க ஊர் சிப்பி மாலை ஒண்ணு எடுத்து வெச்சிகிறேன்.

உன் அன்பு
இளமதி


போர்ட் பிளேர்
2 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு வேதகிரி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் சகலை அவர்களும் பூரண நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம்.

தாங்கள் அவளுக்கு எழுதிய கடிதம் வீட்டுக்கு வந்ததால் படிக்க நேர்ந்தது. மிகவும் பயனுள்ள கடிதம். அவள் என்னிடம் சொல்லாத ஒரு விவரம் அதில் இருந்தது.

விமானக் கம்பெனி கையை விரித்துவிட்டது. சாமான் பெட்டியில் வைக்கிற தங்கத்துக்கும் ரொக்கத்துக்கும் கம்பெனி பொறுப்பில்லையாம். டிக்கெட்டிலேயே பொடி எழுத்தில் இருக்கிறதாம். பூட்டு இல்லாததைப் பார்த்தவுடன் பெல்ட் அருகிலேயே ஆளைக் கூப்பிட்டு, பெட்டியை மறுபடி எடை போட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் தங்கை ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆகவே போலீசில் புகார் பதிந்துவிட்டேன். பயணம் செய்தவள் அவள் என்பதால் அவள் பெயரில் நானே இணையத்தில் எழுதி அனுப்பினேன். தாங்கள் குறிப்பிட்ட பெஞ்சமின் என்ற ஆளையும் சேர்த்திருக்கிறேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள்.

நண்பர் ஒருவருடன் கூட்டாகச் சுற்றுலாப் படகு எடுப்பதாக இருந்தேன். ஊரிலிருந்து அவள் வந்ததும் அட்டிகையைக் கொடுத்துவிடுவதாக வாக்கும் தந்திருந்தேன். இப்போது அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை.

கல்யாணத்தில் அவள் அட்டிகை அணிந்திருக்கும் புகைப்படம் ஒன்றை மோகன்குமார் மூலம் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். போலீசார் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள்
வேதகிரி


திருப்புலிவனம்
15 ஜூலை 2025

இளமதிக்கு அக்கா எழுதறது. இத கடை முகவரிக்குத் தான் போடறேன். நீ எப்படிக் கீற? உண்மையா எழுது.

எனக்குத் தல சுத்துது மதி. நீ மொதல்ல பொட்டின்னு எழுதன. அப்புறம் கைப்பைன்னு எழுதன. உங்க வூட்டுக்காரர் படகுன்னு இன்னாமோ எழுதிகிறார். எந்தப் படகு? அம்மா அட்டிகைக்கும் படகுக்கும் இன்னா சம்பந்தம்? நீ வந்திருந்தப்போ வாரக் கணக்கா ஒரே பாயில படுத்தோம், ஒரு வார்த்தை சொல்லலியே.

நேத்து சுகிர்தா வந்தா. பெஞ்சமின் பொண்டாட்டி. வாசல்லயே நின்னா. உள்ள வான்னேன், வரல.

"எங்க வூட்டு ஆள் பேர யார் மா எழுதிக் குடுத்தது?"ன்னா.

எனக்குக் கேக்கலன்னு நெனச்சி இன்னொரு வாட்டி கத்தினா. மொத வாட்டியே அவ வாய பாத்து எனக்குப் புரிஞ்சுபோச்சு மதி.

"ஸ்டேஷன்ல கூப்புட்டு ஒக்கார வெச்சி கேட்டதயே கேக்கறாங்க. கான்ட்ராக்ட்காரர் ஏர்போர்ட் பாஸ வாங்கி வெச்சிகினு, எல்லாம் முடிஞ்ச பிறகு வாடான்னுட்டார். அன்னிக்கு அவருக்கு லீவு மா. ஊர்க்கார அம்மா தனியா ப்ளேன் ஏறுதேன்னு வெள்ளச் சட்ட போட்டுகினு போனாரு. ட்ராலி தள்ளனதுக்கு இதா?"

"நான் விசாரிக்கிறேன் சுகிர்தா"ன்னேன்.

"இன்னா விசாரிப்பீங்க? எங்க வூட்ட வந்து பாத்துட்டுப் போங்க. அரிசிப் பானைய கவுத்துக் காட்டறேன், வாங்க!"

தெருவே வேடிக்கை பாத்துச்சு. உங்க மாமா கொல்லப் பக்கம் போனவர் அவ போற வரைக்கும் திரும்பல. பேரு எழுதனவ நான். அத அவகிட்ட சொல்ல வாய் வரல.

அவன் எடுத்தானா இல்லையா? இல்லன்னு நீ சொல்ற. எப்படி அவ்ளோ உறுதியா சொல்ற? வேற யார் எடுத்தாங்கன்னு கேட்டா தெரியலன்னு சொல்ற. போட்டோ அனுப்பட்டுமா வேணாமா? மோகன் அனுப்பறேன்னு நிக்கிறான், நான் தான் கைய புடிச்சி வெச்சிகிறேன். உடனே பதில் போடு.

அக்கா


திருப்புலிவனம்
5 ஆகஸ்ட் 2025

இளமதிக்கு. நீ நல்லா இருக்கணும். நாங்க இருக்கோம்.

உன் பதில் வரல. வரலன்னு திட்டிகினே தான் இருந்தேன், முந்தா நாள் வரைக்கும்.

முந்தா நாள் ஞாயித்துக்கிழமை கங்கையம்மனுக்குக் கூழ் ஊத்தினோம். அதுக்கு மொத நாள் பரண் மேல கீற பெரிய தவலைய எறக்கனேன். வருஷத்துல ஒரு வாட்டி, ஆடிக்கு மட்டும் எறக்கற தவலை. நான் தவிர யாரும் தொட மாட்டாங்க. உனக்குத் தெரியாததா? உள்ள ஒரு துண்டு சுருட்டி கெடந்துச்சு. எலி கூடு கட்டிகிச்சுன்னு நெனச்சி ஒதறனேன். டப்பா விழுந்துச்சு. தொறந்தேன்.

அப்படியே தரையில ஒக்காந்துட்டேன். மருமக ஓடி வந்தா, மூட்டு வலின்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மொதல்ல எனக்கு வந்தது சந்தோஷம். அட்டிகை கெடச்சுதேன்னு. அப்புறம் இது எப்படி இங்க வந்துச்சுன்னு யோசிச்சேன். கெளம்பற அன்னிக்குக் காலையில நீ ஸ்டூல் மேல ஏறி நின்னது ஞாபகம் வந்துச்சு. "இன்னாடி பண்ற"ன்னேன். "பழைய பை ஒண்ணு கீதான்னு பாக்கறேன்"ன்ன. அதுக்கு அப்புறம் வந்த கோவம் இருக்கே, நீ மட்டும் பக்கத்துல இருந்திருந்தா அறைஞ்சிருப்பேன். என்ன இன்னான்னு நெனச்ச? எங்கிட்ட சொல்லக் கூடாதா? பூட்ட நீயே கழட்டிப் போட்டுட்டு, பொட்டி, கைப்பை, கவுண்டர் பொண்ணுன்னு கதை எழுதி, என்ன அழ வெச்சி வேடிக்கை பாத்தியா?

கூழ் ஊத்திகினே யோசிச்சேன். வரிசையில நின்னவங்க முகமே தெரியல. உங்க வூட்டுக்காரர் எழுதின படகு ஞாபகம் வந்துச்சு. பிரிச்ச கவரா வந்துச்சுன்னு நீ எழுதனது ஞாபகம் வந்துச்சு. கடைக்குப் போடு, கடைக்குப் போடுன்னு நீ கெஞ்சினதும். கல்யாணத்துல உன் கையில கண்ணாடி வளையல் தான் இருந்துச்சு. "தங்க வளையல் எங்கடி"ன்னதுக்கு, பாலீஷுக்குக் குடுத்திருக்கேன்னு சொன்ன. அதையும் நான் நம்பனேன்.

நான் கதறி எழுதினா தான் அவர் நம்புவார்னு என்னையும் ஏமாத்தி வெச்சியா மதி? அப்படித் தான்னா, உன்ன திட்டறதா கட்டிப் புடிச்சிகினு அழறதான்னு எனக்குத் தெரியல.

ஆனா பெஞ்சமின்? அவன் வேலை போயி வூட்ல ஒக்காந்துகினு கீறான். நகைய கையில வெச்சிகினு நான் எப்படி அவன் வூட்டு வழியா நடப்பேன்? நான் ஸ்டேஷனுக்குப் போகப் போறேன். அதுக்கு முன்னால நீ ஒரு வார்த்தை எழுது.

அக்கா


போர்ட் பிளேர்
14 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு. சௌக்கியமா இரு.

எழுத்து கோணலா கீதேன்னு பாக்காத. ஜூலையில பதில் போடாததுக்கும் அதான் காரணம். வலது கை மணிக்கட்டுல மாவுக்கட்டு போட்டிருந்தாங்க. பாத்ரூம்ல வழுக்கிட்டேன். இப்போ பரவாயில்ல, ஊசி கோக்க வருது.

பெஞ்சமின் பேர புகார்ல போட்டது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது அக்கா. உன் கடுதாசியில தான் படிச்சேன். ஞானசுந்தரி அக்கா கடை மிஷின் மேல தலைய வெச்சி அழுதேன். ப்ளேன்ல போச்சுன்னு சொன்னா யார் தலையிலயும் விழாதுன்னு நெனச்சேன். ப்ளேன்லயும் மனுஷங்க தான் வேலை செய்யறாங்கன்னு எனக்குத் தோணல.

நீ கேட்ட மத்ததுக்கெல்லாம் கடுதாசியில பதில் எழுத முடியாது. வளையல் பாலீஷுக்குப் போகல. செயினும் போகல. அவ்ளோ தான்.

நீ ஸ்டேஷனுக்குப் போ. அவன் வேலை தான் முக்கியம். என்ன ஆனாலும் நான் பாத்துக்கிறேன்.

இளமதி


திருப்புலிவனம்
25 ஆகஸ்ட் 2025

வூட்டு மாப்பிள்ளைக்கு சொக்கம்மாள் எழுதிக்கிறது. நீங்க நல்லா கீறீங்களா? இளமதிக்குக் கை பெசகிடுச்சுன்னு தமிழ்ச்செல்வி சொன்னா. பாத்ரூம்ல வழுக்கிட்டாளாமே. நான் கப்பல்ல அங்க வந்தப்போ உங்க பாத்ரூம பாத்துகிறேன். சொரசொரன்னு சிமெண்டுத் தரை.

நல்ல சேதி. அட்டிகை கெடச்சுடுச்சு. எங்க வூட்டுப் பரண்ல, தவலையில இருந்துச்சு. கல்யாண வூட்டுக் கொழப்பத்துல யார் இன்னா எங்க வெச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? எனக்கோ காதும் இல்ல, இப்போ ஞாபகமும் இல்ல.

நகைய எடுத்துகினு நானும் இவரும் பெஞ்சமினோட ஸ்டேஷனுக்குப் போனோம். பஸ்ல அவன் எங்க பக்கத்துல ஒக்காரல, பின்னால போயி நின்னுகினு வந்தான். ஒரு லேடி இன்ஸ்பெக்டர் இருந்தாங்க. நகைய பாத்தாங்க, போட்டோ புடிச்சாங்க. ஆனா நான் சொல்றது செல்லாதாம். புகார் இளமதி பேர்ல கீறதால அவளே நேர்ல வந்து எழுதிக் குடுக்கணுமாம். அது வரைக்கும் அவன் பாஸும் வராது.

நகைய கூரியர்ல போட மாட்டேன். யார் கையிலயும் குடுத்தனுப்ப மாட்டேன். ப்ளேன்ல போற நகைக்கு யாரும் பொறுப்பு இல்லன்னு நீங்களே எழுதினீங்க. இளமதி வந்து கையெழுத்து போட்டுட்டு, அவளே வாங்கிக்கட்டும். சீக்கிரம் அனுப்பி வைங்க. ஒடம்ப பாத்துக்குங்க.

சொக்கம்மாள்


போர்ட் பிளேர்
6 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு வணக்கம். தங்கள் நலமும் சகலை அவர்களின் நலமும் விழைகிறேன்.

நகை கிடைத்ததில் மகிழ்ச்சி. அது எப்படிப் பரணுக்குப் போனது என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். தெரியாது என்கிறாள். அவள் திரும்பி வந்ததும் பேசிக்கொள்கிறோம்.

சீசன் தொடங்குவதால் என்னால் வர முடியாது. இம்மாதக் கடைசியில் அவளை மட்டும் அனுப்புகிறேன். திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்தே எடுத்தாயிற்று. புகாரை முடிக்க என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்து எழுதினால் போதும்.

இந்த முறை தவறு நடக்கக் கூடாது. அட்டிகையைக் கழுத்திலேயே அணிந்து, முந்தானையால் மூடி, தாங்கள் சொன்னபடி ஊக்குக் குத்தி அனுப்புங்கள். பெட்டியில் வேண்டவே வேண்டாம். சோதனையில் கழற்றச் சொன்னால் தட்டில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் பராக்குப் பார்க்காமல், தட்டு மிஷினுக்குள் போன பிறகே அவள் நகர வேண்டும். தனி அறையில் சோதிக்கச் சொல்லியும் கேட்கலாம். விமானத்தில் தூங்கக் கூடாது. பக்கத்து சீட்காரர்களிடம் பேச்சு வேண்டாம். கிளம்பும் முன் நகை கழுத்தில் இருப்பதைப் போட்டோ எடுத்து மோகன்குமார் எனக்கு அனுப்பட்டும். இங்கு வாசலிலேயே நான் காத்திருப்பேன்.

நகை பத்திரமாக வந்து சேர வேண்டும். அது ஒன்றுதான் என் கவலை.

தங்கள்
வேதகிரி


திருப்புலிவனம்
9 அக்டோபர் 2025

தமிழ்ச்செல்வி அப்பாவுக்கு இளமதி எழுதறது. நீங்க நல்லா இருக்கணும். மாத்திரைய மறக்காம போடுங்க, ஃப்ரிட்ஜ் மேல கீது.

ரெண்டு வாரமா நீங்க போன் பண்ணிகினே கீறீங்க. மோகன் தான் எடுத்துப் பேசறான். பேசினா உங்க கொரலுக்கு நான் பழையபடி சரின்னுடுவேன். அதான் எழுதறேன்.

ஸ்டேஷன்ல நீங்க குடுத்த தாளைப் பாத்துத் தான் எழுத ஒக்காந்தேன். "உறவினர் வீட்டில் தவறுதலாக விடப்பட்டது" வரைக்கும் எழுதிட்டேன். எதிர்ல பெஞ்சமின் நின்னுகினு இருந்தான். ஒக்கார சொல்லியும் ஒக்காரல. கைய பின்னால கட்டிகினு தரையவே பாத்துகினு இருந்தான். பேனாவ கீழ வெச்சிட்டேன்.

"மேடம், தவறுதலா விடல. நான் தான் ஒளிச்சேன்"னேன்.

"ஏம்மா?"ன்னாங்க.

சொன்னேன். வளையல் எப்படிப் போச்சு, செயின் எப்படிப் போச்சு, கை எப்படி ஒடிஞ்சுது, எல்லாம் சொன்னேன். அக்காவுக்குக் காது கேக்காது, ஆனா என் வாயையே பாத்துகினு இருந்தா. மாமா எழுந்து வெளிய போயிட்டார்.

"பொய்ப் புகார் குடுக்கறது குத்தம், தெரியுமா?"ன்னு மேடம் கேட்டாங்க. "பொய் சொன்னது நான் மேடம், அதுக்கு இன்னா செய்யணுமோ செய்யுங்க. புகார் போட்டது அவர். பெஞ்சமின் மேல ஒரு குத்தமும் இல்லன்னு மட்டும் இன்னிக்கே எழுதிக் குடுங்க"ன்னேன். எழுதி முத்திரை வெச்சிக் குடுத்தாங்க. உங்க போன் நம்பரையும் வாங்கி வெச்சிகிறாங்க. கூப்புடுவாங்க. மறைக்காம சொல்லுங்க.

வெளிய வந்து பெஞ்சமின் கிட்ட மன்னிப்பு கேட்டேன். அக்காவும், "உன் பேர எழுதனது நான் தான்"னு சொன்னா. அவன், "இனிமே ஊர்க்காரங்க யார் வந்தாலும் பொட்டிய தொட மாட்டேன்க்கா"ன்னுட்டு பஸ் ஏறப் போயிட்டான். பாஸ் வந்துடுச்சு, வேலைக்குப் போறான். சுகிர்தா மட்டும் எங்க நடவுக்கு வர மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டா. அவ சொல்றது நியாயம் தான்.

அதுக்கு அப்புறமும் நான் திரும்பி வர்றதுன்னு தான் இருந்தேன். நெஜமா தான் சொல்றேன். நீங்க சொன்னபடியே அட்டிகைய போட்டுகினு, அக்கா ஊக்கு குத்தி விட்டா. மோகன் புடிச்ச போட்டோ உங்களுக்கு வந்திருக்கும். ஏர்போர்ட் வாசல்ல டிக்கெட்டையும் ஆதார் கார்டையும் கையில வெச்சிகினு வரிசையில நின்னேன். என் முறை வந்துச்சு. கார்டு பாக்கறவர் கைய நீட்டினார். எனக்குக் கை நீளல. கழுத்துல கீறத யாரும் எடுக்கக் கூடாதுன்னு இவ்ளோ தூரம் பாத்து மூடிகினு, எடுக்கப் போறவர் கையிலயே கொண்டு போயி குடுக்கப் போறேனேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு.

"உள்ள போறீங்களா, வழி விடறீங்களாம்மா?"ன்னார்.

"போகல சார்"னு சொல்லிட்டு ட்ராலிய ஓரமா இழுத்துகினேன்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ன அக்காவுக்கு ஒண்ணும் புரியல. "இன்னாடி? இன்னா மறந்துட்டே?"ன்னு கேட்டுகினே வந்தா. நான் சொன்னது அவளுக்குக் கேக்கல. அழுகையில என் வாயும் கோணிகிச்சு, அவளால படிக்க முடியல. "இன்னா? சத்தமா சொல்லு"ன்னா.

சொன்னேன். அத்தனை பேர் எதிர்ல, என் கொரல் எனக்கே புதுசா இருக்கற மாதிரி, அவ காதாண்ட வாய வெச்சி கத்தினேன்.

"நான் போகல அக்கா! நான் அங்க போகவே மாட்டேன்!"

இளமதி